ஈஸ்டரில் லொஃபோட்டன்: தூண்டிலோடு வரலாமா?

கேள்வி: நண்பர்கள் மூன்று பேர் ஈஸ்டர் லீவுக்கு நோர்வேயின் லொஃபோட்டன் தீவுகளுக்கு வருகிறோம். வாடகைப் படகில் மீன் பிடிக்க ஆசை. ஜெர்மனியில் தூண்டில் போடவே சோதனை எழுத வேண்டும். அங்கே லைசன்ஸ் எங்கே எடுப்பது? அந்தக் குளிரில் மீன் படுமா?
– வாசகர், டோர்ட்முண்ட்

பதில்: கடலுக்கு லைசன்ஸ் கிடையாது தம்பி. நோர்வேயில் கைத்தூண்டிலோடு யாரும் கடலில் இறங்கலாம், வெளிநாட்டுக்காரரும்தான். ஆற்றுக்குத்தான் காசு. சால்மன் ஆறுகள் பெரும்பாலும் ஜூனில்தான் திறக்கும், அதனால் ஈஸ்டரில் அந்தக் கவலையே உங்களுக்கு இல்லை. ஆனால் வலை, கூடு, நெடுந்தூண்டில் எல்லாம் இங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும். பிடித்ததை நீங்கள் விற்கவும் கூடாது.

மீன் படுமா என்றா கேட்கிறீர்கள்? ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பாரென்ட்ஸ் கடலிலிருந்து தொர்ஸ்க், அதுதான் உங்கள் ஊர்க் காட் மீன், சினை போட லொஃபோட்டனை ஒட்டிய வெஸ்ட்ஃபியோர்டுக்குள் வரும். அப்படி வருவதை இங்கே ஸ்க்ரெய் என்பார்கள். மார்ச் கடைசியில் ஸ்வொல்வேரில் அதைப் பிடிக்கவென்றே ஒவ்வொரு வருடமும் உலகப் போட்டி நடக்கும். ஈஸ்டர் ஏப்ரல் நடுவுக்குத் தள்ளிப்போன வருடங்களில் பாதி மீன் சினை போட்டுவிட்டுத் திரும்பியிருக்கும். திகதி உங்கள் கையில் என்றால் மார்ச்சில் வாருங்கள்.

வசந்தம் என்ற சொல்லை நம்பி மெல்லிய ஜாக்கெட்டோடு வந்துவிடாதீர்கள். போன வருடம் ஹென்னிங்ஸ்வேருக்கு வெளியே நின்றோம். வெயிலில் கண் கூசியது, தூண்டில் தடியின் வளையத்தில் ஐஸ். தங்கூசி நூல் அதற்குள் ஓடவில்லை. பக்கத்தில் இருந்த கிழவர் தடியைத் தலைகீழாகக் கடலுக்குள் முக்கி எடுத்தார், ஐஸ் போய்விட்டது. கடல் மூன்று நான்கு பாகையில் இருந்தது, காற்றை விடச் சூடு! 400 கிராம் இரும்புப் பொய்மீனை எண்பது மீட்டர் கீழே இறக்கி, அடி தட்டியதும் இரண்டு சுற்று மேலே எடுத்து, மெல்ல ஏற்றி இறக்குங்கள். ஸ்க்ரெய் வெட்டி இழுக்காது, கனக்கும். நனைந்த சாக்கைத் தூக்குவதுபோல் இருக்கும். மேலே வந்ததும் தொண்டையை அறுத்து இரத்தத்தை வடிய விடுங்கள். பிறகு பார்க்கலாம் என்றால் தசை சிவந்துவிடும். 1988இல் ஃபின்மார்க்கில் மீன் ஆலையில் கையுறைக்குள் விரல் விறைக்க நின்ற காலத்தில் முதலில் படித்த பாடம் அதுதான்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. வெஸ்ட்ஃபியோர்ட் தென்மேற்குப் பக்கம் வாய் பிளந்து கிடக்கும். நம்மூர்ச் சோளகம் இங்கே அடித்தால் ஒரு மணித்தியாலத்தில் கடல் வெள்ளையாகிவிடும். ஊர்ச் சோளகத்துக்கு மாதம் உண்டு, இதற்கு அதுவும் இல்லை. 'யூர்' வானிலையில் வினாடிக்கு 8 மீட்டர் என்று போட்டிருந்தால் நான் வாடகைப் படகை அவிழ்க்க மாட்டேன். வாடகை கட்டியாயிற்றே என்று போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வரும்போது முகத்தில் நிறமே இராது.

எட்டு மீட்டருக்குக் குறைந்த படகு ஓடிக்கொண்டிருந்தால் உயிர்க்கவசம் உடம்பில் இருக்க வேண்டும், 2015 மே முதல் சட்டம். அதை ஆசனத்துக்கு அடியில் வைத்துவிட்டு, வைத்திருக்கிறேன் என்று சொன்னால் எடுபடாது. 1980இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர் 25 குதிரைச் சக்திக்கு மேலே இயந்திரம் ஓட்டவும், எட்டு மீட்டருக்கு நீளமான படகு ஓட்டவும் படகுச் சான்றிதழ் வேண்டும். மூவரில் யாருக்கு அது இருக்கிறதென்று இப்போதே பாருங்கள். மீன் பண்ணைக் கூடுகளுக்கு 100 மீட்டருக்குள் தூண்டில் போடக் கூடாது. 'சேய்' என்ற காட் இனத்து மீன் அங்கேதான் குவிந்து நிற்கும், ஆசை காட்டும். தொழில் வள்ளங்களின் மிதவைகளுக்கும் விலகி நில்லுங்கள்.

இனி வீட்டுக்குக் கொண்டுபோகும் கதை. 2022இல் பாரிஸிலிருந்து என் மச்சான் காரில் வந்து, என் வீட்டில் தங்கி, என் படகில் பிடித்தார். "பத்துக் கிலோ கொண்டுபோகலாம்" என்று அவருக்குச் சொன்னவன் நான். அது பழைய கணக்கு. 2021இல் விதி மாறியிருந்தது: பதிவு செய்த மீன்பிடி விடுதியில் தங்கினால் ஆளுக்கு 18 கிலோ, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. எல்லையில் பெட்டியைத் திறந்தார்கள். மீனும் போனது, குற்றக்காசும் கட்டினார். மச்சாள் இன்றைக்கும் தொலைபேசியில் "அந்தப் பத்துக் கிலோ..." என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். இந்த எண் அடிக்கடி மாறும். பதிவு செய்த இடமா என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள், போகும்போது அவர்களிடம் பத்திரம் வாங்குங்கள். கடையில் வாங்கிய மீன் இந்தக் கணக்கில் வராது, ரசீது இருந்தால் போதும்.

கேள்வி: என் கணவர் சின்னச் சின்னத் தொர்ஸ்க் எல்லாம் வாளியில் போட்டுக் கொண்டுவருகிறார். கேட்டால், "பொரிக்க அதுதான் ருசி" என்கிறார். குற்றமா?
– வாசகி, துரொம்சோ

பதில்: ருசி விஷயத்தில் அவர் சொல்வது சரி, சட்டத்தில் பிழை. உங்கள் பக்கம் தொர்ஸ்க் 44 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தது உயிரோடு இருந்தால் திரும்ப விட வேண்டும். க்வெய்த்த என்ற அந்தப் பெரிய தட்டை மீனுக்கு இரண்டு பக்கமும் கட்டு: 84க்குக் குறைந்தாலும் விடு, இரண்டு மீட்டருக்கு மேலே போனாலும் விடு. படகின் ஓரத்தில் ஓர் அளவுநாடாவை ஒட்டிக் கொடுங்கள், பிள்ளைகள் பார்க்கும்படியாக. அப்பா ஏமாற்றினால் அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள்.

கேள்வி: தொர்ஸ்க் குழம்பில் உடைந்து கூழாகிவிடுகிறதே?
– வாசகி, ஓஸ்லோ

பதில்: துண்டுக்கு உப்புப் போட்டு ஒரு மணித்தியாலம் வையுங்கள். தண்ணீர் விடும், அதை ஊற்றிவிடுங்கள். புளியும் தேங்காய்ப்பாலும் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு கடைசியாக மீனைப் போட்டு, அகப்பையை எடுத்து ஒளித்துவிட்டுச் சட்டியை மட்டும் ஆட்டுங்கள். அதுவும் சரிவராவிட்டால் ஸ்டெய்ன்பீத் என்ற மீனை வாங்குங்கள். முகம் பார்க்கப் பயமாக இருக்கும், குழம்பில் அசையாது.