‘செர்னோபில் டைரீஸ்’ படம் பயமுறுத்துமா? அது உண்மையான பிரிப்பியாட்டில் எடுக்கப்பட்டதா? அங்கே இப்போது சுற்றுலா போக முடியுமா?

பயம் பாதிப் படத்தோடு தீர்ந்துவிடுகிறது என்பதே முதல் கேள்விக்கு என் பதில். அந்த முதல் பாதி நன்றாக இருப்பதால்தான் மீதியின் மேல் இவ்வளவு கோபம் வருகிறது. தொடக்கத்திலிருந்தே மோசமாக இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டுப் படுத்திருப்பேன்.

2012-ல் வந்த படம் இது. ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க வந்த அமெரிக்க இளைஞர்கள், உக்ரைன் தலைநகர் கீவில் வசிக்கும், அவர்களில் ஒருவனுடைய அண்ணனின் பேச்சைக் கேட்டு, செர்னோபில் அணு உலைக்குப் பக்கத்தில் கைவிடப்பட்டுக் கிடக்கும் பிரிப்பியாட்டைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். வேறு ஒரு இணையும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறது. பழைய வேன் ஒன்றில் அவர்களை அழைத்துச் செல்பவர் யூரி என்ற முன்னாள் படைவீரர். சோதனைச் சாவடியில் உள்ளே விட மறுக்கிறார்கள். யூரி தனக்குத் தெரிந்த காட்டு வழியாக வண்டியைத் திருப்புகிறார். மாலையில் திரும்பி வந்து பார்த்தால் வண்டியின் ஒயர்கள் அறுந்து கிடக்கின்றன. அதன்பின் இருட்டு, ஓட்டம், கூச்சல்.

தஞ்சாவூரில் வழிகாட்டியாக வேலை செய்து, வெளிநாட்டுப் பயணிகளைத் தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், தரங்கம்பாடி என்று அழைத்துப் போகிறவன் என்பதால், அந்தச் சோதனைச் சாவடிக் காட்சியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் போவதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். அது கிடைக்காத ஒரு நாளில், படகுக்காரர் என்னைத் தனியாக அழைத்து, “சார், உள்ளே விடமாட்டாங்க, வேற பக்கமா கொஞ்ச தூரம் போய்க் காட்டிட்டு வந்துரட்டுமா?” என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள், மொழி புரியாவிட்டாலும் பேச்சின் தோரணையைப் பிடித்துக்கொண்ட பயணிகளின் முகத்தில் ஒரு குஷி வந்துவிட்டது. தடுக்கப்பட்ட இடம் என்றால் பார்க்கிற ஆசை இரட்டிப்பாகும். வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டுமே என்ற கவலை வழிகாட்டியைத் தின்னும். இந்த இரண்டும் சேரும் இடத்தைப் படம் சரியாகப் பிடித்திருக்கிறது. யூரியாக நடித்த டிமிட்ரி டயாச்சென்கோ, சாவடியை விட்டு வண்டியை எடுக்கும்போது காட்டும் அந்த அலட்சியமான தைரியம், தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று.

அப்படிப்பட்ட யூரியை முதல் இரவிலேயே கைத்துப்பாக்கியோடு வண்டியை விட்டு இறக்கிக் கதையிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஊரை அறிந்த ஒரே ஆள் போன பிறகு, எஞ்சியிருப்பவர்களில் யார் யார் என்பதே நமக்குப் பெரிதாக நினைவில் நிற்பதில்லை; ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போகும்போது மனம் பதைப்பதற்குப் பதில், இன்னும் எத்தனை பேர் பாக்கி என்று எண்ணத் தொடங்கிவிடுகிறது.

அதைவிடப் பெரிய வீணடிப்பு, அந்த இடத்துக்கே உரிய அச்சத்தைக் கைவிட்டது. 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் உலை வெடித்தது. மறுநாள் பிற்பகலில்தான் மக்களைப் பேருந்துகளில் ஏற்றினார்கள். ஏறக்குறைய 49,000 பேர் வாழ்ந்த நகரம், சில நாட்களில் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையோடு, சில மணி நேரத்தில் காலியானது. மே தினத்தில் திறக்கவிருந்த ராட்சத ராட்டினம் இன்றும் அங்கே நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத, தொட்டால் உணர முடியாத ஒன்று எங்கும் படிந்திருக்கிறது என்பதைவிடப் பேய்ப்படத்துக்கு வேறென்ன வேண்டும்? யூரியின் கையில் கதிர்வீச்சை அளக்கும் கருவி இருக்கிறது. அதன் டிக் டிக் சத்தம் ஒன்றை மட்டும் வைத்தே ஒரு மணி நேரம் நம்மை நாற்காலி நுனியில் உட்கார வைத்திருக்கலாம். படமோ அதை வேண்டும்போது எடுத்து, வேண்டாதபோது மறந்து, இருட்டில் பாயும் உருவங்களையும், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சிறுமியையும் நம்பி ஓடுகிறது. கேமரா ஆடுகிற ஆட்டத்தில் அந்த உருவங்களும் சரியாகத் தெரிவதில்லை.

பணம் இல்லை, என்ன செய்வார்கள் என்று சிலர் பரிந்து பேசுவதுண்டு. சுமார் 10 லட்சம் டாலரில் எடுத்த படம்தான். ஆனால் இதன் தயாரிப்பாளரும் கதை எழுதியவருமான ஓரன் பெலி, அதற்கு முன் ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ படத்தைத் தம் சொந்த வீட்டிலேயே, சுமார் 15,000 டாலரில் எடுத்து உலகத்தையே மிரட்டியவர். மூடிய கதவும் அசையாத கேமராவும் போதும் என்று தெரிந்த மனிதரின் பெயர் இதில் இருப்பதுதான் ஆச்சரியம். இயக்குநர் பிராட்லி பார்க்கர் ஏற்கெனவே விஷுவல் எஃபெக்ட்ஸ் துறையில் பணியாற்றியவர். பாழடைந்த நகரத்தைக் காட்டும் அழகில் அது தெரிகிறது, ஆட்களை நடத்தும் விதத்தில் தெரியவில்லை.

எனக்குப் படத்தின் மேல் இருக்கும் இன்னொரு வருத்தம், பாதிக்கப்பட்ட மனிதர்களையே பூதங்களாக்கியது. வெடித்தது நான்காவது உலை. மற்ற உலைகளில் கடைசியானது 2000 டிசம்பரில்தான் மூடப்பட்டது. அதுவரை தொழிலாளர்கள் அங்கே வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். வெளியேற்றப்பட்ட முதியவர்களில் சிலர் சொந்தக் கிராமங்களுக்கே திரும்பி வந்து, தோட்டம் போட்டு வாழ்ந்தார்கள். இவர்களில் ஒருவரைக்கூடப் படத்தில் காட்டவில்லை.

இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமான பதில்: இல்லை. செர்பியாவிலும் ஹங்கேரியிலும்தான் படமாக்கினார்கள்.

சுற்றுலாவைப் பொறுத்தவரை, ரஷ்யா–உக்ரைன் போருக்கு முன்பு கீவிலிருந்து ஒருநாள் பயணமாகவே போய் வர முடிந்தது. முழுக்கைச் சட்டை, மூடிய காலணி கட்டாயம். எதையும் தொடக்கூடாது, தரையில் உட்காரக்கூடாது. வெளியே வரும்போது உடம்பில் கதிர்வீச்சுத் தூசி ஒட்டியிருக்கிறதா என்று கருவியில் ஏற்றிப் பார்ப்பார்கள். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் செர்னோபில் அணு உலை வளாகத்தைக் கைப்பற்றி, மார்ச் இறுதியில் விலகிச் சென்றன. அதோடு வழக்கமான சுற்றுலா நின்றுவிட்டது. கண்ணிவெடி அபாயமும் சேர்ந்துகொண்டதால், யாராவது வேறு வழியாக அழைத்துப் போவதாகச் சொன்னால் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.