ராணுவத்திலிருந்து வந்து உழவும் ஆலை வேலையும் பார்த்த தாத்தாவின் வாழ்க்கையை எப்படி எழுதுவது?

கேள்வி: எங்கள் தாத்தா வேலூர் மாவட்டம் கணியம்பாடி பக்கத்து விவசாயக் குடும்பம். பட்டாளத்தில் இருந்தார், 65, 71 இரண்டு போருக்கும் போனார் என்று ஊரில் சொல்வார்கள். பிறகு நிலத்தையும் பார்த்துக்கொண்டு சர்க்கரை ஆலையில் வேலை செய்தார். இப்போது இல்லை. பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது, ராணுவப் பென்ஷன் எதுவும் வரவில்லை. கையில் இருப்பது ஒரு டிரங்குப் பெட்டி, கொஞ்சம் காகிதம், இரண்டு மெடல். இதை வைத்து அவர் வாழ்க்கையைச் சரியாக எழுத முடியுமா?

பதில்: முடியும். ஆனால் முதலில் அந்த மெடல்களைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சுதந்திர இந்தியாவின் வட்ட மெடல்களில் ஓரத்தைச் சுற்றியும், நட்சத்திர மெடல்களில் பின்பக்கமும் ராணுவ எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை சிறிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். தேய்க்கத் தேய்க்க அந்த எழுத்துதான் முதலில் போகும். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, மெடலை மெதுவாகச் சுழற்றிப் படியுங்கள். ஒவ்வொரு எழுத்தையும் உடனே எழுதிக்கொள்ளுங்கள். ஏழு இலக்க எண் 25 என்று தொடங்கினால் பெரும்பாலும் மெட்ராஸ் ரெஜிமென்ட்.

அடுத்து, அது என்ன மெடல் என்று பாருங்கள். 1965க்கு இரண்டு உண்டு: போர்க்களப் பகுதியில் இருந்தவர்களுக்குச் சமர் சேவா ஸ்டார், அப்போது படையில் இருந்தவர்களுக்குப் பொதுவாக ரக்ஷா மெடல். 1971க்கு மூன்று: கிழக்கே வங்கப் பக்கம் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கே பஞ்சாப், ராஜஸ்தான், காஷ்மீர்ப் பக்கம் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார், பொதுவாகச் சங்கிராம் மெடல். உங்கள் இரண்டும் ரக்ஷா, சங்கிராம் என்றால் தாத்தா இரண்டு போரின்போதும் படையில் இருந்தார் என்பது உறுதி. எல்லை வரை போனாரா என்பதை மட்டும் வேறு காகிதம் சொல்ல வேண்டும். ஸ்டார் இல்லையென்பதால் ஊர்ப் பேச்சு பொய்யாகிவிடாது; ஒன்றிரண்டு மெடல் தொலைந்துபோன வீடுகள் ஏராளம். 1972 ஆகஸ்ட் 15 அன்று படையில் இருந்தவர்களுக்குச் சுதந்திர வெள்ளிவிழா மெடல் ஒன்றும் தந்தார்கள். அது இருந்தால் அன்றைய தேதி வரை அவர் படையிலிருந்து வெளிவரவில்லை என்று அர்த்தம்.

பெட்டியில் பழைய கவர், இன்லேண்ட், மணியார்டர் துண்டு கிடந்தால் ஒன்றையும் எறியாதீர்கள். முகவரியில் 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்றிருந்தால் வடக்கு, மேற்குப் பக்கம், 99 ஏ.பி.ஓ. என்றிருந்தால் கிழக்கு. அதில் உள்ள தபால் முத்திரைத் தேதியையும் மெடலையும் சேர்த்துப் பார்த்தாலே எந்த மாதம் எந்தத் திசையில் இருந்தார் என்பது ஓரளவு பிடிபடும். போட்டோ இருந்தால் தொப்பி பேட்ஜைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ராஜ கிரீடம் இருந்தால் 1950க்கு முந்தையது, சிங்க முத்திரை இருந்தால் பிந்தையது. போட்டோவின் பின்னால் ஜமேதார் என்று எழுதியிருந்தால் 1965க்கு முந்தையது. அந்தப் பதவி பிறகு நாயிப் சுபேதார் ஆனது.

இதெல்லாம் பக்கச் சான்றுகள்தான். முதுகெலும்பு டிஸ்சார்ஜ் புக், அதாவது படையிலிருந்து வெளிவரும்போது தரும் பணிப் பதிவுப் புத்தகம். சின்னப் புத்தகம், அட்டை கிழிந்து நூல் தொங்கிக்கொண்டிருக்கும். பகல் வெளிச்சத்தில் வெற்றுப் பக்கம் உட்பட எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுங்கள். லேமினேட் செய்யாதீர்கள்; பிறகு முத்திரையைச் சரிபார்க்கவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. அதில் இவற்றைத் தேடுங்கள்: சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, கலர் சர்வீஸ் (படையில் நேரடியாகப் பணியாற்றிய காலம்) எத்தனை ஆண்டு, ரிசர்வ் (வீட்டில் இருந்தாலும் அழைத்தால் போக வேண்டிய காலம்) எத்தனை ஆண்டு, டிரேட் (படையில் செய்த தொழில்), குணநலக் குறிப்பு, வெளிவந்த காரணம்.

காரணம் என்ற இடத்தில் பெரும்பாலும் ராணுவ விதி 13(3) என்று போட்டு ஒரு உட்பிரிவு எண் இருக்கும். மூன்றாம் பிரிவில் (i) என்றால் ஒப்பந்தக் காலம் முடிந்தது, (iii) என்றால் உடல்தகுதி, (iv) என்றால் சொந்த வேண்டுகோள். வட ஆற்காட்டு விவசாயக் குடும்பங்களில் இந்த நான்காவதைக் கண்டால் உடனே அந்த வருடத்து வீட்டு நிலவரத்தை விசாரியுங்கள். அப்பா இறந்து ஏர் பிடிக்க ஆளில்லாமல் போனதால் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவர்கள் பலர்.

முகவரிப் பகுதி இன்றைய வரைபடத்தோடு பொருந்தாது. கிராமம், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், தாலுகா, ரயில்வே ஸ்டேஷன், கடைசியில் வட ஆற்காடு ஜில்லா என்றிருக்கும். 1989இல்தான் திருவண்ணாமலை தனியாகப் பிரிந்தது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. எனவே போளூர், செய்யாறு, அரக்கோணம் என்று தாலுகா இருந்தால் அது வேறு ஆளுடைய காகிதம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். பெயர் எழுத்து மாறியிருப்பதும் பிறந்த தேதி இரண்டு மூன்று வருடம் தள்ளியிருப்பதும் சாதாரணம். சேர்க்கும் இடத்தில் மதிப்பிட்டுப் போட்ட வயதுதான் பலருக்கும். எழுதும்போது இரண்டு தேதியையும் எழுதுங்கள், எந்தக் காகிதத்தில் எது என்றும் குறியுங்கள்.

உங்கள் கேள்விக்கு உயிரான விஷயம் ரிசர்வ். அந்தக் காலத்துக் காலாட்படைக்காரர் பலர் 7 ஆண்டு கலர், 8 ஆண்டு ரிசர்வ், மொத்தம் 15 ஆண்டு என்ற ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்கள். கலர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஊருக்கு அவர் விவசாயி. கவலை (மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைப்பது) ஓட்டுவார், மல்லாட்டை (நிலக்கடலை) போடுவார். அரசாங்கக் கணக்கில் மட்டும் இன்னும் சிப்பாய். போர் வந்தால் தந்தி வரும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். உதாரணத்துக்கு, 1957இல் சேர்ந்தவருக்கு 15 ஆண்டு 1972இல்தான் நிறைகிறது. இரண்டு போரும் அதற்குள் வந்துவிடுகின்றன. 1962க்குப் பிறகு நெருக்கடி நிலையால் பலரை ஏழு ஆண்டு முடிந்தும் விடாமல் வைத்திருந்தார்கள் என்பதால், புத்தகத்தில் உள்ள தேதிதான் கணக்கு, விதியில் உள்ள தேதி அல்ல. 'ராணுவத்தில் இருந்தார், பிறகு விவசாயம் செய்தார்' என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினால் இப்படிப்பட்ட மனிதரின் வாழ்க்கை தப்பாகிவிடும். அவர் இரண்டுமாக ஒரே நேரத்தில் இருந்தவர்.

பாட்டியின் பென்ஷன் கேள்வியும் இங்கேதான் இருக்கிறது. கலரும் ரிசர்வும் சேர்ந்து 15 ஆண்டு முடித்தவருக்கு ரிசர்விஸ்ட் பென்ஷன் உண்டு. சிலர் அதற்குப் பதிலாகக் கிராஜுட்டியை மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். எது நடந்தது என்று டிஸ்சார்ஜ் புக்கிலும் பி.பி.ஓ. என்ற பென்ஷன் ஆணையிலும் தெரியும். வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் புத்தகம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பாட்டியின் ஆதார் ஆகியவற்றோடு போங்கள். வழக்கமாகச் சிக்கல் வருவது ஓர் இடத்தில்: திருமணம் பார்ட் டூ ஆர்டரில் (குடும்ப விவரங்களைப் பதியும் ராணுவ ஆணை) ஏறியிருக்காது, அல்லது மனைவி பெயர் கன்னியம்மா என்று ஏறி ஆதாரில் கன்னியம்மாள் என்று இருக்கும். தீர்க்கக்கூடிய சிக்கல்தான், ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். வாழ்க்கையை எழுதுவது பிறகு நடக்கட்டும், இதை முதலில் செய்யுங்கள்.

டிஸ்சார்ஜ் புக்கே இல்லையென்றால் அந்தப் பிரிவின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்களுக்குப் (பொறியாளர் படை) பெங்களூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னலுக்கு ஜபல்பூர், இ.எம்.இ.க்குச் (இயந்திரப் பழுதுபார்ப்புப் படை) செகந்திராபாத். எண், பதவி, பெயர், கிராமம் நான்கும் கடிதத்தின் முதல் வரியிலேயே இருக்கட்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடும் கேட்கலாம். உறவுக்கான சான்றை இணையுங்கள். பென்ஷன் இல்லாமல் வெளிவந்தவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடுவது விதி. 'அழிக்கப்பட்டது' என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாமல், லாங் ரோல் (படையில் சேர்ந்தவர்களின் பெயர்ப் பதிவேடு) பதிவின் நகல் வேண்டும் என்று மறுபடி எழுதுங்கள். அதில் எண், பெயர், சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி என்று சுருக்கமாகவாவது கிடைக்கும்.

புத்தகத்தில் டிரேட் என்ன என்று பார்த்தீர்களா? தெற்கிலிருந்து போனவர்களில் பலர் சாப்பர், சப்ளை, சிக்னல், பணிமனை என்று வேலைப் படைகளில் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பயனியர் படையில் அசாம், பர்மா சாலைகளுக்கு மண் வெட்டியவர்களிலும் நம் ஜில்லாக்காரர்கள் உண்டு. துப்பாக்கி தூக்கியதை மட்டும் போர் என்று எழுதாதீர்கள். ஆற்றின் மேல் பாலம் போட்டவர், குண்டு ஏற்றிய லாரியை இரவில் விளக்கில்லாமல் ஓட்டியவர் ஆகியோரின் வேலை இல்லாமல் எந்தப் போரும் நடக்கவில்லை. அந்த டிரேட்தான் ஆலை வேலைக்கும் வழி. பட்டாளத்தில் ஃபிட்டராக இருந்தவர் மில் ஹவுசுக்கும் (கரும்பு அரைக்கும் பகுதி), டிரைவர் கரும்பு டிராக்டருக்கும், மற்றவர்கள் செக்யூரிட்டிக்கோ எடைமேடைக்கோ போவது வழக்கம்.

ஆலையில் கேட்க வேண்டியது: சீசன் தொழிலாளியா, நிரந்தரமா, எந்த ஆண்டு நிரந்தரமானார். அரவைக் காலத்தில் மட்டும் வேலை என்றால் மீதி மாதங்கள் நிலத்தில். அங்கும் பிறந்த தேதி வேறாக இருக்கலாம். பி.எஃப். கணக்கு எண் எழுதிய பழைய சம்பளச் சீட்டு இருந்தால் வேலூர் பி.எஃப். அலுவலகத்தில் பாட்டிக்கு அந்த வழியில் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நிலத்துக்கு வருவோம். இன்றைய பட்டா எண்ணை வைத்துப் பின்னோக்கிப் போனால் முட்டிக்கொள்வீர்கள். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன, பல இடங்களில் உட்பிரிவு எண்ணும் மாறியது. கிராமத்தின் 'அ' பதிவேட்டில் (நிலங்களின் புல எண் பதிவேடு) பழைய எண், புதிய எண் இரண்டும் இருக்கும், அதிலிருந்து தொடங்குங்கள். பழைய அடங்கல்கள் (கிராமப் பயிர்க் கணக்குகள்) பசலி என்ற வருவாய் ஆண்டுக் கணக்கில் இருக்கும். ஆங்கில வருடத்தில் 590 கழித்தால் ஜூலையில் தொடங்கும் பசலி: 1965 ஜூலை முதல் பசலி 1375, 1971 ஜூலை முதல் பசலி 1381. அந்த வருடங்களில் எந்தப் பயிர், கிணற்றுப் பாசனமா ஏரிப் பாசனமா என்பது அடங்கலில் இருக்கும். 1980இல் கர்ணம் (கிராமக் கணக்கர்) பதவிகள் ஒழிக்கப்பட்டபோது எல்லாக் கணக்கும் ஒழுங்காகக் கைமாறவில்லை என்பதால் கிடைக்காமலும் போகலாம். அப்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டு, தாத்தா பெயரில் கிரயம் நடந்த வருடங்களைப் பாருங்கள். பட்டாளத்துப் பணம் நிலமாகவோ கிணறாகவோ ஆன வருடம் அதில் அகப்படும்.

எல்லாம் சேர்ந்ததும் ஒரு நீள நோட்டில் வருடவாரியாக மூன்று பத்தி போடுங்கள்: படை, நிலம், ஆலை. தெரியாததைக் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். காலி இடத்தைப் பார்த்தால்தான் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியும். கணியம்பாடி பக்கம் என்றால் ராணுவப்பேட்டை என்றே பேர் வாங்கிய கம்மவான்பேட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. தாத்தா வயதுக்காரர்கள், ஒரே ரயிலில் போனவர்கள் யாராவது இருப்பார்கள். 'போர் எப்படி இருந்தது தாத்தா?' என்று கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். 'எந்த ஸ்டேஷன்ல ஏறினீங்க, காட்பாடியா கன்டோன்மென்ட்டா? கூட யார் வந்தாங்க? லீவுல வரும்போது பெட்டியில என்ன கொண்டு வந்தீங்க?' என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும்.

பாட்டியிடம் கேட்க வேண்டியது வேறு. 1965 செப்டம்பரில் மல்லாட்டை மண்ணுக்குள் காய் பிடித்துக்கொண்டிருக்கும். 1971 டிசம்பரில் சம்பா கதிர் முற்றிக்கொண்டிருக்கும். தாத்தா அந்த இரண்டு மாதமும் ஊரில் இல்லையென்றால் கவலை ஓட்டியது யார், அறுப்புக்கு ஆள் வைத்தது யார், கூலிக்கு நெல் அளந்து போட்டது யார்? எந்த ரெக்கார்ட்ஸ் ஆபீசிலும் இதற்குப் பதில் இல்லை. மணியார்டர் வராத மாதங்களில் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துக் கேட்டு, பாட்டி சொல்வதை அவர் சொல்கிற வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நிலம் என்ற பத்தியில் அந்த இரண்டு வருடத்துக்கு எதிரே வர வேண்டிய பெயர் பாட்டியுடையது.