துகளில் ஏறி வரும் மருந்து

கேள்வி: சித்தப்பாவுக்குப் பரேலில் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தை நுண்துகளில் வைத்து அனுப்பலாமாமே, இப்போதே கிடைக்குமா?
வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: விஷயம் நிஜம், ஆனால் அவசரப்படாதீர்கள். இன்டர்லூகின்-12 என்றொரு புரதம் இருக்கிறது, எதிர்ப்பு அணுக்களை நன்றாக உசுப்பிவிடும். அதை அப்படியே ரத்தத்தில் ஏற்றினால் உடம்பு முழுக்க உசுப்பிவிடும் என்பதுதான் தொல்லை, 1990களில் ஒரு சோதனையில் இரண்டு பேர் இறந்தே போனார்கள். தாதர் ஸ்டேஷனில் இறங்கவேண்டிய ரயில் கூட்டம் வழியெல்லாம் இறங்கிக் கலாட்டா செய்த கதை. அதனால்தான் தலைமுடித் தடிமனில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள கொழுப்பு உருண்டையில் அதை ஏற்றி, கட்டியின் செல்களில் ஒட்டிக்கொள்ளும்படி மேலே பாலிமர் பூசி அனுப்புகிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பவுலா ஹேமண்ட் குழு இதைச் சினைப்பைப் புற்றுநோய்க்குச் செய்துபார்த்தது, எலிகளில்.

கொழுப்பு உருண்டையில் கீமோ மருந்து மட்டும் 1995லேயே வந்துவிட்டது. 2023இல் அனுமதி பெற்ற நம்ம மும்பை ஐஐடியின் கார்-டி சிகிச்சை, அதாவது நோயாளியின் எதிர்ப்பு அணுக்களையே வெளியே எடுத்து மாற்றித் திரும்ப ஏற்றுவது, வேறு விஷயம், அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இப்போதைக்கு, வழக்கமான இம்யூனோதெரபி (எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் சிகிச்சை) சித்தப்பாவின் கட்டி வகைக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.