மழைக்காலத்தில் சைக்கிள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தினமும் கடைக்கும் வீட்டுக்கும் சைக்கிள்தான். வாரம் தவறாமல் செயினுக்கு ஆயில் விடுகிறேன், அப்படியும் மழைக்காலம் முடிவதற்குள் துருப்பிடித்துக் கரகரவென்கிறது. ஏன்?
(ஒரு வாசகர், மோல்மேன், மியான்மர்)

பதில்: ஆயில் விடுகிறீர்கள், சரி. அதற்கு முன்னால் துடைக்கிறீர்களா? உங்கள் ஊரில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, பெரும்பகுதி ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். நனைந்து மண் ஒட்டிய செயின்மேல் ஆயிலை ஊற்றினால் மண்ணும் ஆயிலும் குழைந்து உப்புத்தாள் மாதிரி உள்ளேயிருந்து அராவும், தண்ணீரும் வெளியேற வழியில்லாமல் அங்கேயே நிற்கும். அதனால் நனைந்து வந்த அன்றே, பழைய கைலித் துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றித் துடையுங்கள். மண் அதிகமென்றால் பழைய பல் பிரஷ்ஷில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து நன்றாகக் காயவிட்டு, அப்புறம் ஒவ்வொரு கண்ணியிலும் உருளைமேல் ஒரே ஒரு சொட்டு ஆயில். கால் மணி நேரம் கழித்து வெளியே மினுங்குவதை மறுபடி துடைத்துவிட வேண்டும், அது தூசியைச் சேர்ப்பதற்குத்தான் உதவும்.

எந்த ஆயில் என்று அடுத்து கேட்பீர்கள். அடுப்படிக் கடலை எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளாக நாளாகப் பிசினாகிவிடும். ஒர்க்‌ஷாப்பில் வடித்த பழைய இன்ஜின் ஆயில் சும்மா கிடைக்கும், ஆனால் கரியும் இரும்புத் துகளும் அதில்தான் இருக்கிறது. புது இன்ஜின் ஆயில் சின்ன புட்டி ஒன்று வாங்கினால் மழைக்காலம் முழுக்க வரும். டபிள்யூ.டி.40 ஸ்பிரே தண்ணீரை விரட்டும், துருவை இளக்கும், ஆனால் மழையில் நிலைக்காது. அதை அடித்தாலும் துடைத்துவிட்டு ஆயில் போட்டே ஆக வேண்டும்.

கரகரப்பு அப்புறமும் போகவில்லையென்றால் செயின் தேய்ந்திருக்கலாம். செயினை இழுத்துப் பிடித்து, அங்குல ஸ்கேலின் தொடக்கத்தை ஒரு பின்னின் (கண்ணிகளைக் கோக்கும் ஆணி) நடுவில் வையுங்கள், 12 அங்குலத்தில் இன்னொரு பின் சரியாக உட்கார வேண்டும். அது 1/16 அங்குலம் தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 வரை விட்டுவைத்தால் பெரும்பாலும் பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலுக்கும் சேர்த்துச் செலவழிக்க வேண்டிவரும்.

கேள்வி: இரவு காற்றடித்தால் காலையில் சக்கரம் தரையோடு கிடக்கிறது. கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்து ஓட்டையே இல்லை என்கிறார்கள்.
(ஒரு வாசகர், பெகு)

பதில்: வால்வைப் பாருங்கள். ஜப்பான் செகண்ட்ஹேண்ட் சைக்கிள்களில் பெரும்பாலும் வால்வுக்குள் ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்கும், நாம் வால்டியூப் என்போமே, அது வெயிலிலும் பழசாகியும் வெடித்துவிடும். வால்வு மேலே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வால்வின் வாயில் கொஞ்சம் எச்சில் தொட்டு வையுங்கள், குமிழி வந்தால் அதுதான். புது ரப்பரைத் தண்ணீரில் நனைத்து, வால்வின் பக்கத்திலுள்ள சின்னத் துளை முழுக்க மூடும்படி இழுத்து மாட்ட வேண்டும். ஆயில் தொட்டு மாட்டாதீர்கள், ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும். இரண்டு மூன்று துண்டு எப்போதும் வீட்டில் இருக்கட்டும். காற்று எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும், அதைவிடக் குறைத்து ஓட்டினால் குழியில் இறங்கும்போது ரிம் டியூபை நசுக்கிப் பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை போட்டுவிடும்.

கேள்வி: ஜப்பான் சைக்கிள் வைத்திருக்கிறேன், பின் பிரேக் பிடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. தம்பி ஆயில் விடச் சொல்கிறான்.
(ஒரு வாசகி, யாங்கோன்)

பதில்: விடவே விடாதீர்கள் அம்மா! அந்தச் சைக்கிள்களில் பலவற்றின் பின்சக்கரத்தில் ஒரு டிரம்மைச் சுற்றிப் பட்டை இறுகித்தான் பிரேக் பிடிக்கும். அதற்குள் ஆயில் போனால் சத்தம் நிற்கும், கூடவே பிரேக்கும் போய்விடும், பிறகு பட்டையையே மாற்ற வேண்டிவரும். பட்டை பிரேக் கத்துவது அதன் சுபாவம், பொறுக்க முடியாவிட்டால் மெக்கானிக்கிடம் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். முன் சக்கர ரப்பர் கட்டை தனி விஷயம்: ரிம்மைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, கட்டையின் வழவழப்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும், கட்டையிலுள்ள வரிப்பள்ளம் மறைந்திருந்தால் புதுசு போடுங்கள். உங்கள் ஊரில் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை, ஆகவே நீங்கள் பெரும்பாலும் காருக்கும் பஸ்ஸுக்கும் பக்கத்தில்தான் போகிறீர்கள். ரிம் நனைந்திருந்தால் கட்டை முதலில் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும், மழையில் முன்கூட்டியே லீவரை லேசாக அழுத்தத் தொடங்குங்கள்.

கேள்வி: இடது பெடல் கழலவே மாட்டேன் என்கிறது.
(ஒரு வாசகர், தட்டோன்)

பதில்: அதில் மரை தலைகீழ், கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். ஸ்பானரை மேல்நோக்கி மாட்டிப் பின்சக்கரத்தின் பக்கம் தள்ளுங்கள், இரண்டு பெடலுக்கும் இதே முறை பொருந்தும். மறுபடி மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.