மாமியாரின் இன்சுலினும் உங்கள் ஆய்வுத் தலைப்பும்

கேள்வி: அரசு மருத்துவமனை மெடிசின் வார்டில் 14 வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். பகுதிநேர பி.எச்டி.க்குத் தலைப்பு முடிவு செய்ய வேண்டும். செவிலியர்களின் மனஅழுத்தம் பற்றிச் செய்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறார் கைடு. செயற்கை நுண்ணறிவுதான் இப்போது எடுபடும் என்கிறாள் தோழி. வீட்டில் பிரச்சினை இல்லை. பிள்ளைகளை மாமியார் பார்த்துக்கொள்கிறார். அவருக்குச் சர்க்கரை உண்டு. இன்சுலினைத் தானே போட்டுக்கொள்வார், எப்போதாவது அளவு மாறிப்போகும், மற்றபடி தொந்தரவில்லாதவர். எந்தத் தலைப்பை எடுக்கலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்: தலைப்பு இருக்கட்டும். 'எப்போதாவது அளவு மாறிப்போகும்' என்று எழுதியிருக்கிறீர்களே, என்னம்மா இது? உங்கள் வார்டில் புதிதாக வந்த நர்ஸ் இப்படிச் சொன்னால் சும்மா விடுவீர்களா?

இன்று இரவு அவர் ஊசி போடும்போது பக்கத்தில் உட்காருங்கள். மருந்துக் குப்பியில் 40 என்றிருக்கிறதா, 100 என்றிருக்கிறதா (ஒரு மில்லிக்கு எத்தனை யூனிட் என்ற கணக்கு)? சிரிஞ்சின் மூடி சிவப்பா, ஆரஞ்சா? 40 இன்சுலினுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு என்பது உங்களுக்குத் தெரியும். மருந்துக்கடையில் மாற்றிக் கொடுத்தால் அவருக்குத் தெரியுமா? 100 இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை ஏற்றினால் உள்ளே போவது 50 யூனிட். உங்கள் பிள்ளைகளோடு தனியாக இருக்கும் நேரத்தில் அவர் மயங்கி விழுந்தால் யார் தூக்குவது? கலங்கல் இன்சுலினை உள்ளங்கையில் உருட்டிவிட்டுத்தான் எடுக்கிறாரா, அந்தச் சின்னக் கோடுகள் அவர் கண்ணுக்குத் தெரிகின்றனவா, தினமும் ஒரே இடத்தில் குத்திக் குத்தி வயிற்றில் கட்டி விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தொந்தரவில்லாதவர் என்கிறீர்கள். வாய் திறந்து கேட்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் நைட் டியூட்டி போவதும் பி.எச்டி. நினைப்பதும் அவர் உடம்பை நம்பித்தான். வேலை வாங்கிக்கொள்ளும் வீட்டுக்கு அந்த உடம்பைப் பார்க்கும் கடமையும் உண்டு. உங்கள் கணவருக்கும்தான் சொல்கிறேன், அது அவருடைய அம்மா. அவரும் ஊசி ஏற்றக் கற்றுக்கொள்ளட்டும்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். வார்டிலிருந்து இன்சுலினோடு வீட்டுக்குப் போகும் முதியவர்கள் அங்கே அதை எப்படிப் போட்டுக்கொள்கிறார்கள்? உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி எனக்குத் தெரியவில்லை. நாட்டில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023இல் சொன்னது. டிஸ்சார்ஜ் அன்று அவசர அவசரமாகச் சொல்லி அனுப்புகிறோமே, வீட்டில் அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை அருகிலிருந்து பார்க்க உங்களைப் போன்றவரால்தான் முடியும். மனஅழுத்தம் பற்றிய கேள்வித்தாள் ஆய்வுகள் நூலக அலமாரிகளில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. அந்தச் சுமை உண்மைதான், ஆனால் இன்னொரு கேள்வித்தாளால் உங்கள் வார்டுக்கு ஒரு நர்ஸ் கூடுதலாக வரப்போவதில்லை. செயற்கை நுண்ணறிவில் உங்கள் 14 வருட அனுபவத்துக்கு எங்கே இடம் என்று தோழியையே கேளுங்கள்.

அகலக் கால் வைக்காதீர்கள். ஒரே மருத்துவமனை, 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், குப்பியும் சிரிஞ்சும் வைத்துப் போட்டுக்கொள்பவர்கள் மட்டும் போதும். டிஸ்சார்ஜ் ஆன ஒரு மாதத்தில் வீட்டுக்கே போய், ஊசி போடுவதைக் கண்ணால் பாருங்கள். வாயால் கேட்டால் எல்லோரும் சரியாகத்தான் போடுகிறேன் என்பார்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைக்கும் முன் ஒருவரிடமும் தகவல் வாங்காதீர்கள். வேலை பார்க்கும் இடத்தில் தடையில்லாச் சான்றும் வேண்டும், அதற்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். 'சீக்கிரம்' என்று கைடு பயமுறுத்தினால் பதறாதீர்கள். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு தரலாம்.

மாமியாரை மட்டும் அந்த ஆய்வுக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவருக்கு இனி ஊசியை நீங்களோ உங்கள் கணவரோதான் ஏற்றித் தர வேண்டும்.