கதிர்வீச்சில் தோல் உரிந்தால் பாதியில் நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அம்மாவுக்குப் பெண்ணுறுப்பின் வெளிப்பகுதிப் புற்றுநோய்க்கு நான்காவது வாரக் கதிர்வீச்சு. தொடையிடுக்கில் தோல் உரிந்து நீர் கசிகிறது, சிறுநீர் எரிகிறது என்கிறீர்கள். இந்தக் கட்டத்தில் பலருக்கும் வருவதுதான். இடையில் நாட்கள் விட்டுப்போனால் சிகிச்சையின் பலன் குறையும்.

அந்த இடம் மடிப்பு. வியர்வையும் உராய்வும் சேர்ந்து புண்ணைக் கூட்டும்.

சிறுநீர் போகும்போதே வெதுவெதுப்பான நீரை ஊற்றச் சொல்லுங்கள். அப்படியும் எரிந்தால் சிறுநீர்த் தொற்றா என்று பரிசோதிக்கக் கேளுங்கள். அப்புறம் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கவே கூடாது. டாக்டரைக் கேட்காமல் பவுடர், மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். வலியைச் சொல்ல அம்மா கூச்சப்படலாம்; அவருக்காக நீங்கள் சொல்லுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ சீழ் வைத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஊசியும் சேர்த்துப் போகிறதென்றால் விடியட்டும் என்றுகூடக் காத்திருக்காதீர்கள்.