தனியார் விடுதியானாலும் சாதி பார்க்க முடியாது

காரைக்குடிப் பக்கம் பழைய நகரத்தார் வீட்டை விடுதியாக்கியவர்கள், சாதியை விசாரித்தபின் அறை இல்லை என்றார்கள்; தனியார் இடமாயிற்றே, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சாதி போன்றவற்றைக் காட்டிப் பாகுபாடு கூடாது என்னும் அரசியலமைப்பின் 15(1) பிரிவு அரசுக்குத்தான், உண்மை. ஆனால் 15(2) தனியாரையும் கட்டுப்படுத்தும்: மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் காட்டிக் கடை, உணவகம், விடுதிக்குள் எந்தக் குடிமக்களையும் தடுக்கக் கூடாது. ஆத்தங்குடித் தரை எவ்வளவு பளபளத்தாலும், காசு வாங்கிக்கொண்டு அறை விட்டால் அது விடுதிதான். நீங்கள் பட்டியல் சாதியினர் என்றால் 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் குற்ற வழக்குக்கே வழிவிடுகின்றன. முன்பதிவுக் குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள். எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். காவல் நிலையத்தில் இழுத்தடித்தால் சிவகங்கை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.